கணுக்காலுக்கு மேலே அனைவரும் நலம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் கணுக்காலுக்கு மேலே நலம். அங்கே நீயும் அத்தானும், பட்டுவும் மாப்பிள்ளையும் குழந்தையும் தலை முதல் கால் வரை முழுசாக நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நாலு வருடம் இரண்டு மாதம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும், உறையைப் பிரிக்காமலே யாருக்கு என்ன ஆச்சோ என்று நீ நெஞ்சில் கை வைத்திருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கையை எடு. இது முழுக்க முழுக்க ஒரு மருத்துவக் கடிதம், வேறு எந்த உள்நோக்கமும் இதில் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ என்னைப் பேச விட மாட்டாய். நான் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ‘சரி, அதை விடு’ என்பாய், நானும் விட்டுவிடுவேன், அப்படி விட்டு விட்டுத்தான் நாம் இரண்டு பேரும் இங்கே வந்து நிற்கிறோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான்: எனக்குத் தட்டைப் பாதம். பாதத்தின் உள்பக்கம், குதிகாலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே, எல்லோருக்கும் ஒரு சின்னப் பாலம் மாதிரி வளைந்து தரையில் படாமல் இருக்குமாம். எனக்கு அந்தப் பாலம் சோம்பேறி. நான் நின்றால் அது படுத்துவிடுகிறது. இதை ஐம்பத்து நாலு வயதில் தெரிந்துகொண்டது ஒரு வெட்கம் என்றால், முப்பது வருடம் செருப்புக் கடையில் வேலை பார்த்த பிறகு தெரிந்துகொண்டது அதைவிடப் பெரிய வெட்கம். அத்தானிடம் இந்த இரண்டாவதைச் சொல்லாதே, வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்.

நீ எங்கள் கடைக்கு ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கிறாய், அதுவும் மழைக்கு ஒதுங்க, அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. மூன்று சுவரிலும் கூரை வரை அட்டைப்பெட்டிகள், எடுக்க ஓர் ஏணி, நடுவில் வாடிக்கையாளர் உட்காரும் நீள சோபா. விற்பனையாளர்கள் உட்காரக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். ‘உக்காந்திருக்கறவனைப் பாத்தா வாங்க வர்றவனுக்கும் கொட்டாவி வரும்’ என்பார். ஒரே விதிவிலக்கு, முன்னால் சரிவாகப் பலகை வைத்த அந்தக் குட்டை ஸ்டூல். வாடிக்கையாளர் சரிவில் காலை வைத்தால் எதிரே நான் உட்கார்ந்து ஷூவை மாட்டிவிடலாம். அதாவது, அடுத்தவர் கால் வந்தால்தான் என் காலுக்கு ஓய்வு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கணுக்காலின் உள்பக்கத்தில் ஒரு வலி கிளம்பி முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏறும். அந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொள்கிற வாடிக்கையாளரை நான் லேசில் விட மாட்டேன். முதல் ஜோடியே கச்சிதமாகப் பொருந்தினாலும், ‘இதைவிட ஒண்ணு காட்டறேன், சும்மா போட்டுப் பாருங்க’ என்பேன். ஆறு ஜோடி, ஏழு ஜோடி போகும். ஒருநாள் வழி கேட்க உள்ளே வந்த ஒரு மனிதருக்கு நாலு ஜோடி மாட்டிவிட்டுத்தான் வழி சொன்னேன். இதனால் அந்தத் தெருவிலேயே எனக்குப் பொறுமைசாலி என்று பெயர் வந்துவிட்டது. கடையின் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவில் முதலாளி என் பொறுமையைப் பாராட்டிக் கேடயம் கொடுத்தார். அதை வாங்க மேடையில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்.

‘இந்த மாடல் பாத வளைவுக்கு நல்ல தாங்கல் குடுக்கும்’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நானே சொல்லி விற்றிருக்கிறேன், அக்கா. பெட்டியின் மேல் அப்படி அச்சடித்திருக்கும். பக்கத்திலேயே ‘வெயிலில் காய வைக்காதீர்கள்’ என்றும் அச்சடித்திருக்கும். இரண்டும் எனக்கு ஒன்றுதான். வாய் சொல்லும், காது கேட்காது. வீட்டுக்கு வந்து சோபாவில் காலைத் தூக்கிப் போட்டதும், ‘என்ன, கால் வலிக்குதா?’ என்று உன் தம்பி மனைவி கேட்பாள். ‘ஒண்ணுமில்ல, வயசாகுதில்ல’ என்பேன். கல்யாணமான புதிதில், இருபத்தேழு வயதிலும் அதையேதான் சொன்னேன் என்று அவள் போன வாரம் ஞாபகப்படுத்தினாள்.

இந்த வருடத் தொடக்கத்திலிருந்து வலி மூன்று மணி வரை காத்திருக்கவில்லை, பத்து மணிக்கே கடைக்கு வந்துவிட்டது. ஏணியில் ஏறினால் இறங்க மனசு வரவில்லை, இறங்கினால் நிற்க வேண்டுமே என்று. மேல் தட்டில் பெட்டி தேடுவது போல ஏணியிலேயே சாய்ந்திருந்ததை முதலாளி பார்த்துவிட்டார். விஷயம் கேட்டு, ‘இதெல்லாம் ஒரு வியாதியா? வெறுங்காலோட கூழாங்கல்லு மேல நடங்க, பத்து நாள்ல பறந்துடும்’ என்றார். எங்கள் வீட்டுக்கு எதிரே பூங்காவில் கூழாங்கல் பாதை ஒன்று உண்டு. காலை ஆறரை மணிக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். நாலாவது அடியில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஏழாவது அடியில் பக்கத்திலிருந்த செடியைப் பிடித்தேன், அது வேரோடு என் கையில் வந்தது, நான் பூப்பாத்தியில் போய் உட்கார்ந்தேன். தோட்டக்காரர் குழாயை மூடிவிட்டு நிதானமாக வந்து, ‘ஐயா, அது நடக்கறதுக்கு இல்ல, அழகுக்குப் போட்டது’ என்றார். நடைபாதை அந்தப் பக்கம் இருந்தது. சிமெண்ட் போட்டு, ஒழுங்காக, எல்லோரும் அதில் நடந்துகொண்டிருந்தார்கள்.

பத்து நாளில் வலி பறக்கவில்லை. பத்தாவது நாள் காலை, கடை திறப்பதற்கு முன்னால், பின்கட்டில் காலைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துக்கொண்டு, ஷூ மாட்டிக்கொள்ள, துடைத்துக் காய்ந்திருந்த தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தேன். எங்கள் கடையைத் துடைக்கிற அம்மா, வாயில் ஒன்றும் தங்காதவள், மாப்புக் கட்டையை ஊன்றிக்கொண்டு தரையையே பார்த்தாள்.

‘யாரு இங்க ஈரச் செங்கல்லை வரிசையா வச்சு வச்சு எடுத்தது?’

‘செங்கல் இல்லம்மா. என் கால்.’

‘கால்னா நடுவுல இடுப்பு இருக்கும். இது என்ன, பலகை மாதிரி முழுசா பதிஞ்சிருக்கு?’

சொன்னதோடு நிற்காமல் தன் காலை வாளியில் நனைத்து என் தடத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவளுடையது விரல், ஒரு மெல்லிய கோடு, குதிகால் என்று அழகாக இருந்தது. என்னுடையது அப்படியே ஒரு பலகை. நான் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், ‘வலிக்குமே. எவ்வளவு வருஷமா வச்சுக்கிட்டு நடக்கறீங்க?’ என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், அக்கா. ‘ஈரம் காயட்டும், மேல மிதிக்காதே’ என்று அவள் துடைத்த தரைக்காக அவளையே அதட்டிவிட்டு, சரக்கு அறைக்குள் போய்ப் பெட்டிகளை எண்ணுவது போல நின்றேன்.

அன்றைக்கே உன் தம்பி மனைவி என்னைக் கால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயது டாக்டர், பட்டு வயதுதான் இருக்கும். என் ஷூவைக் கழற்றச் சொல்லி, முதலில் என்னைப் பார்க்காமல் ஷூவைத்தான் பார்த்தார். குதியின் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. ‘என்ன வேலை பாக்கறீங்க?’ என்றார். உன் தம்பி மனைவி எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, ‘செருப்புக் கடையில, முப்பது வருஷமா’ என்றாள். டாக்டர் என் ஷூவை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தார். ‘பின்னால இருந்தே மூணு விரல் தெரியுது, பாதம் வெளியே திரும்பி நிக்குது’ என்றார். ‘இப்ப குதிகாலைத் தூக்கி நுனிக்காலில நில்லுங்க.’ நின்றேன். அவர் போனில் படமெடுத்துக் காட்டினார். நுனிக்காலில் நிற்கும்போது என் பாதத்திலும் ஒரு வளைவு இருந்தது, அக்கா. லேசாகத்தான், ஆனால் இருந்தது.

‘வளைவு இருக்கு சார். பாரம் விழுந்ததும் அமுங்கிடுது. அதைத் தூக்கிப் பிடிக்கறதுக்குன்னு கணுக்காலுக்கு உள்பக்கமா ஒரு தசைநார் போகுது. வளைவு அமுங்க அமுங்க அது ஒண்டியா இழுத்துப் பிடிச்சிட்டே இருக்கு. முப்பது வருஷமா பிடிச்சிருக்கு. இப்ப அது முடியலைன்னு சொல்லுது, அவ்வளவுதான்.’

‘வெட்டிக் கிட்டி சரி பண்ணணுமா?’

‘அதெல்லாம் எதுவுமே கேக்கலைன்னாதான். தட்டைப் பாதம் இருக்கற நிறைய பேருக்கு வலியே கிடையாது, அவங்க ஒண்ணும் பண்ணவும் வேண்டாம். உங்களுக்கு வலிக்குது, அதனால பாக்கறோம். எப்பலேர்ந்து வலி?’

‘பள்ளிக்கூடம் போன நாள்லேர்ந்து.’

‘யார்கிட்டயும் சொன்னதில்லையா?’

‘எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும்னு நினைச்சேன். எல்லாரும் பொறுத்துக்கறாங்க, எனக்குத்தான் துப்பில்லைன்னு.’

இதைச் சொல்லும்போது உன் தம்பி மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். வீடு வந்து சேரும் வரை அவள் பேசிய ஒரே வாக்கியம், ‘உங்க அக்காவுக்கு இதை எழுதுங்க’ என்பதுதான். ‘எதுக்கு?’ என்றேன். ‘எழுதுங்க’ என்றாள்.

எதற்கு என்று எனக்கும் தெரியும். பட்டு கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு நீ என்னை மண்டப வாசலில் நிறுத்தினாய். ‘வர்றவங்களை நீ கூப்பிட்டாதான்டா எனக்கு நிறைவா இருக்கும்’ என்றாய். எனக்கு அதைவிடப் பெருமை வேறில்லை. அந்தப் பெருமையில் கடையிலிருந்து புது ஷூ ஒன்று போட்டுக்கொண்டு வந்திருந்தேன், கூர்மூக்கு வைத்தது, உள்ளே அட்டை மாதிரி தட்டையானது. ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை வாசலில் நின்று சிரித்தேன். கடைசி ஒரு மணி நேரம் யார் வந்தார்கள், யாரைக் கூப்பிட்டேன் என்றே தெரியாது. மண்டபத்துக்கு எதிரில் குடியிருந்தவர் ஒருவர் பால் வாங்கிக்கொண்டு போனார், அவரையும் கை பிடித்து உள்ளே அனுப்பினேன், அவர் சாப்பிட்டுவிட்டும் போனார். எல்லோரும் மேடையேறிப் போட்டோவுக்கு நின்றபோது, ஒரே ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வருவோம் என்று நாற்காலி அடுக்கும் அறைக்குள் போனேன். ஷூவைக் கழற்றினேன். கழற்றிய பிறகு மறுபடி மாட்ட முடியவில்லை, கால் அவ்வளவு வீங்கியிருந்தது. அப்படியே கண்ணும் சொருகிவிட்டது. நீ தேடிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாய்.

‘எல்லாரும் உன்னைத் தேடறாங்க. நீ இங்க ஷூவைக் கழட்டிப் போட்டுட்டுத் தூங்கற.’

‘கொஞ்சம் உக்காந்தேன், அக்கா. அதுல என்ன குறைஞ்சு போச்சு?’

‘என் பொண்ணு பக்கத்துல அஞ்சு நிமிஷம் நிக்கறது உனக்கு அவ்வளவு பாரமா இருக்கா?’

‘ஆமா. பாரமாத்தான் இருக்கு’ என்றேன்.

நான் காலைச் சொன்னேன். நீ உன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாய். அந்த இடத்திலேயே, ‘இல்லக்கா, கால் வலி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் செருப்புக் கடைக்காரன், தன் கடை ஷூவைப் போட்டுக்கொண்டு, நிற்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வான்? அதுவுமில்லாமல், அது வலி என்றே எனக்குத் தெரியாது, என் குணம் என்றுதான் நினைத்திருந்தேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு போனாய். நான் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கும் அந்தப் படத்தில் நான் இல்லை என்று உன் தம்பி மனைவி வந்து சொன்னாள். அத்தானுக்கும் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருக்கிறதாமே. நீதான் விடச் சொன்னாயாம், வந்துவிடுவான், வந்துவிடுவான் என்று.

சரி, அதை விடு. மருத்துவத்துக்கு வருவோம்.

டாக்டர் ஷூவுக்குள் வைக்க இன்சோல் கொடுத்தார், வளைவுக்குக் கீழே மேடு வைத்தது. முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று மெதுவாகப் பழக வேண்டும் என்றார். நான் முப்பது வருடத்தை ஒரே நாளில் ஈடுகட்டப் பார்த்தேன். பத்து மணி நேரம் போட்டிருந்தேன், அதுவும் இடதை வலதிலும் வலதை இடதிலும். மேடு வெளிப்பக்கமாக இருந்தபடியால் நாள் பூராவும் கப்பலில் நடப்பவன் போல நடந்தேன். மறுநாள் துடைக்கும் அம்மாதான் கண்டுபிடித்தாள். அவளுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கலாம்.

அடுத்தது துண்டுப் பயிற்சி. தரையில் ஒரு துண்டை விரித்து, குதிகாலை அசைக்காமல், கால் விரல்களால் அதைச் சுருட்டிச் சுருட்டித் தன் பக்கம் இழுக்க வேண்டும். பாதத்துக்குள் இருக்கும் சின்னத் தசைகளுக்கு வலு வருமாம். எனக்கு இது பிடித்துப்போய், கடையில் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது கூட, கழற்றிய ஷூவுக்கு வெளியே ஒரு காலால் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் எதிரில் ஒரு பெரிய மனுஷி உட்கார்ந்து செருப்பு பார்த்துக்கொண்டிருந்தார். நான் விலையைச் சொல்லிக்கொண்டே துண்டை இழுக்கிறேன், அது நீளமாக வந்துகொண்டே இருக்கிறது, அவருடைய சால்வை தோளிலிருந்து மெதுவாக இறங்கி என் ஸ்டூலுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது. அவர் குனிந்து பார்த்தார். நான் விரலை விடுவித்தேன். இரண்டு பேரும் ஒன்றும் நடக்காதது போல அளவு எட்டைப் பற்றிப் பேசினோம். அவர் வாங்கவில்லை.

பிறகு ஐஸ். வலிக்கும் நாளில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, அதன் மேல் பாதத்தை வைத்துப் பத்து நிமிஷம் உருட்டச் சொன்னார் டாக்டர். கடைக் குளிர்பெட்டியில் என் பாட்டில் ஒன்று தனியாக இருக்கும். உருட்டிவிட்டு மறுபடி உறைய வைப்பேன். ஒரு மத்தியானம் மின்சாரம் போய் அது உருகிவிட்டது. முதலாளி வெயிலில் வந்தவர் அதை எடுத்து மடக் மடக்கென்று முழுசாகக் குடித்துவிட்டு, ‘இன்னைக்குத் தண்ணி நல்லா இருக்கே’ என்றார். இதுவரை நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். இந்த மாதிரி விஷயங்களைச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிக்க எனக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. நாலு வருடத்தில் இப்படி எவ்வளவோ சேர்ந்துபோய்விட்டது, அக்கா. நடந்தவுடனே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றும். உடனே, சொல்ல முடியாது என்பதும் தோன்றும். இது பாதத்தின் எந்த இடத்தில் வருகிறது என்று டாக்டரைக் கேட்கவில்லை.

முதலாளியைக் குறை சொல்லக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் உட்கார வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். இரண்டு தடவை படித்தார். ‘முப்பது வருஷமா வலிச்சுதா?’ என்றார். ‘ஆமா.’ ‘எங்கிட்ட ஏன் சொல்லல?’ ‘நீங்க உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க.’ அவர் கல்லாவுக்குப் போய்த் தன் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் விட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்கக் கல்லாவில் நின்றார். மறுநாள் எல்லா விற்பனையாளர்களுக்கும் ஆளுக்கொரு நாற்காலி வந்துவிட்டது. இப்போது வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் சாயங்காலம் வரை பொறுத்துக்கொள்கிறது. கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, நுனிக்காலில் எழுந்து இறங்கும் பயிற்சி எல்லாம் செய்கிறேன். உன் தம்பி மனைவி அடுப்படியிலிருந்து எண்ணுகிறாள். பதினெட்டுக்குப் பிறகு வேண்டுமென்றே பதினாறு என்கிறாள்.

குழந்தையின் படத்தை அவள் போனில் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அது. என்ன முகம் என்று எல்லோரும் பார்த்தபோது, நான் விரலால் பெரிதாக்கிப் பாதத்தைப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. மறுநாளே டாக்டருக்குப் போன் செய்து கேட்டுவிட்டேன். சின்னக் குழந்தைகள் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்குமாம், கொழுப்பு மூடியிருக்குமாம், வளர வளர வளைவு வருமாம். வராமல் போனாலும் வலிக்காவிட்டால் ஒன்றுமில்லையாம். பட்டு பயப்பட வேண்டாம். ஆனால் பின்னால் எப்போதாவது அவன் நடக்க மாட்டேன், தூக்கு என்று அழுதால், அது அடம் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம் என்று சொல். ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சொல், எங்கே வலிக்கிறது என்று.

இனி கேள்விக்கு வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும். இது குடும்பத்தில் ஓடக்கூடியது என்றார் டாக்டர். நாம் பள்ளிக்கூடம் போகும் வழியில், பாதி தூரத்தில், ஒரு மருந்துக் கடை இருந்தது இல்லையா, அதன் படியில் நீ தினமும் உட்காருவாய். ‘எனக்கு மூச்சு வாங்குதுடா, கொஞ்சம் இரு’ என்பாய். நானும் உட்காருவேன். நீ புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைப்பாய். மருந்துக் கடைக்காரருக்கு ‘இருமல்’ என்று வைத்தாய். பிறகு எழுந்து போவோம், தினமும் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேருவோம், தினமும் நீதான் திட்டு வாங்குவாய். ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வரும் பெண்ணுக்கு எப்படி மூச்சு வாங்கும் என்று எனக்கு ஐம்பத்து நாலு வயது வரை தோன்றவில்லை. எனக்காகத்தான் உட்கார்ந்தாய் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் டாக்டர் சொன்னதிலிருந்து இன்னொரு சந்தேகம். உனக்கும் வலித்ததா, அக்கா? நீயும் சொல்லாமலே இருந்துவிட்டாயா? எது உண்மை என்றாலும் எழுது. காலை நனைத்து ஒரு பழைய செய்தித்தாளில் வைத்துப் பார், நடுவில் இடுப்பு இருக்கிறதா என்று. காய்வதற்குள் பென்சிலால் வரைந்து, மடித்து எனக்கு அனுப்பு. மருத்துவக் காரணத்துக்காகத்தான் கேட்கிறேன்.

நான் நேரில் வருவதற்கில்லை. உங்கள் ஊர் பஸ்ஸில் இரண்டரை மணி நேரமும் நின்றுகொண்டுதான் வர வேண்டும், இப்போது அது எனக்கு ஆகாது. மூன்று மாதம் பயணமே வேண்டாம் என்று நானே முடிவு செய்திருக்கிறேன். நீயும் சிரமப்பட்டு வர வேண்டாம். பதில் போட்டால் போதும். போடாவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன், தபால்காரர் வரும் நேரம் எனக்குத் தெரியும் என்பதைத் தவிர.

அத்தானுக்கு என் வணக்கம். பட்டுவும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கட்டும். குழந்தைக்கு இரண்டு பாதத்திலும் ஒவ்வொரு முத்தம் கொடு, யார் கொடுத்தது என்று சொல்லியே கொடு.

இப்படிக்கு,
நாற்காலியில் உட்கார்ந்தபடியே,
உன் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடவில்லை. தபால் பெட்டி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் போன நேரம் உங்கள் ஊர் பஸ் நின்றுகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமையாதலால் பாதி காலி, ஜன்னல் ஓரம் ஓர் இடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் உன் தம்பி மனைவி போன் செய்து எங்கே இருக்கிறீர்கள் என்றாள். தபால் போடப் போகிறேன் என்றேன். பின்னால் நடத்துனர் ஊர்ப் பெயரைக் கத்துவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். ‘சரி, மெதுவா போட்டுட்டு நாளைக்கு வாங்க’ என்றாள். இப்போது உங்கள் கட்டடத்தின் வாசலில், காவலாளியின் மேஜையில் வைத்து இதை எழுதுகிறேன். நீ இங்கே குடிவந்த பிறகு நான் வருவது இதுதான் முதல் தடவை. லிஃப்ட் பழுது என்று பலகை மாட்டியிருக்கிறது. பதிவேட்டில் பெயர் எழுதப் போனேன், காவலாளி தடுத்துவிட்டார். ‘நீங்க நாலாவது மாடி அம்மாவோட தம்பிதானே’ என்றார். எப்படித் தெரியும் என்றேன். ‘கேட்டுலேர்ந்து நடந்து வந்ததைப் பாத்தேனே. வாத்து மாதிரி பாதத்தை வெளியே விரிச்சிக்கிட்டு ஒருத்தன் வருவான், அவனை யாரு எவருன்னு கேக்காம மேல அனுப்புன்னு அந்தம்மா சொல்லி வச்சிருக்காங்க. எனக்கு முன்னாடி இருந்தவரும் வேலையை விட்டுப் போறப்ப இதைத்தான் சொல்லிட்டுப் போனாரு’ என்றார். ஆகவே அக்கா, மேலே எழுதியதில் வருவதற்கில்லை என்ற இடத்தை அடித்துவிடு. மருத்துவக் கடிதம் என்ற இடத்தையும் அடித்துவிடு. மீதியில் எது வேண்டுமோ வைத்துக்கொள். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அவர் கால் நல்ல கால், எனக்கு முன்னால் வந்துவிடுவார். நான் பின்னாலேயே ஏறி வருகிறேன், கொஞ்சம் நேரமாகும், கதவைச் சாத்திவிடாதே. திட்டுவதாக இருந்தால் தாராளமாகத் திட்டு, ஆனால் உள்ளே உட்கார வைத்துத் திட்டு.